எந்த ரோடு முதலில்? கம்ப்யூட்டர் போடும் கணக்கும் விவசாயி கொடுக்க வேண்டிய கணக்கும்

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. வானம் கருத்து வருகிறது. கொள்முதல் நிலையம் பக்கத்து ஊரில்தான், இரண்டே கிலோமீட்டர். ஆனால் இடையில் ஓடை. ஓடையில் போட்டிருந்த குழாய்ப் பாலம் உடைந்து கிடப்பதால் டிராக்டர் இறங்காது. டவுனைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். டிராக்டர்காரர் வாடகையை உயர்த்திக் கேட்கிறார். சுமை தூக்குபவருக்குக் காத்திருப்புக் கூலி. சாக்கு நனைந்தால் ஈரப்பதம் கூடி, கொள்முதல் நிலையத்தில் மூட்டை திரும்பும். விளைச்சல் நன்றாக இருந்தும் கைக்கு வருகிற பணம் குறைந்துவிடுகிறது. இந்த நஷ்டம் வயலில் வந்ததல்ல, வழியில் வந்தது.

இப்படிப்பட்ட ரோடுகள் ஒவ்வோர் ஒன்றியத்திலும் பத்து, இருபது உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் போட அரசிடம் பணம் இல்லை. எதை முதலில் போடுவது என்ற கேள்வி வருகிறது. முன்பெல்லாம் குரல் உயர்த்திக் கேட்ட ஊருக்கும், செல்வாக்குள்ள புள்ளிகள் இருந்த ஊருக்கும் ரோடு முதலில் வந்தது. இப்போது அந்த வரிசையைப் போடுவதில் கம்ப்யூட்டருக்கும் பங்கு வந்துவிட்டது. ஊர்களையும் ரோடுகளையும் சந்தைகளையும் கம்ப்யூட்டருக்குள் வரைபடமாக ஏற்றி, மக்கள் எந்த வழியாகப் போய் வருவார்கள் என்று அதற்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். அதிகம் பேர் கடக்கும் ரோடு எதுவோ அது முன்னுக்கு வருகிறது.

கம்ப்யூட்டர் கட்சி பார்ப்பதில்லை, சாதி பார்ப்பதில்லை. அது நல்லதுதான். ஆனால் அதற்குக் கண்ணும் இல்லை. யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்ததைத்தான் அது பார்க்கும். எழுதிக் கொடுக்காத கொள்முதல் நிலையம் அதன் கணக்கில் கிடையாது. ஆகவே இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

காப்பிக் கடையில் பிறந்த கணக்கு

இந்த முறைக்கு அடிப்படை, இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கணக்கு. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற கணித அறிஞர் 1956-இல் இதைக் கண்டுபிடித்தார். ஆம்ஸ்டர்டாம் நகரில் கடைத்தெருவுக்குப் போய்க் களைத்து, ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல் சுமார் இருபது நிமிடத்தில் மனக்கணக்காகவே போட்டுவிட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1959-இல் அது அச்சில் வந்தது.

கணக்கு எளிமையானது. புறப்படும் ஊரிலிருந்து அருகிலுள்ள ஊருக்கு எவ்வளவு தூரம் என்று முதலில் குறித்துக்கொள்வது. அங்கிருந்து அடுத்த ஊர்களுக்கு எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போவது. ஒரே ஊருக்கு இரண்டு வழி கிடைத்தால் நீண்டதைத் தள்ளிவிட்டு, குறுகியதை வைத்துக்கொள்வது. வண்டிக்காரர்கள் காலம் காலமாக மனத்தில் போடும் கணக்குதான் இது. ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு இதைச் சில நொடிகளில் போட்டு முடிப்பதுதான் கம்ப்யூட்டர் செய்யும் வேலை.

மூன்று ஊர்கள், நான்கு ரோடுகள்

உதாரணத்துக்கு மூன்று ஊர்களை வைத்துப் பார்க்கலாம். கிழக்கூரில் 900 பேர், நடுவூரில் 600 பேர், தெற்கூரில் 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். சந்தையும் ஆஸ்பத்திரியும் டவுனில் இருக்கின்றன. மேல்நிலைப் பள்ளி தெற்கூரில் இருக்கிறது.

கிழக்கூரிலிருந்து நடுவூருக்கு 3 கிலோமீட்டர். நடுவூரிலிருந்து டவுனுக்கு 4 கிலோமீட்டர். நடுவூரிலிருந்து தெற்கூருக்கு ஓடையைக் கடந்து 2 கிலோமீட்டர். தெற்கூரிலிருந்து டவுனுக்கு 5 கிலோமீட்டர்.

கம்ப்யூட்டர் ஒவ்வோர் ஊராரையும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் குறுகிய வழியில் அனுப்பிப் பார்க்கிறது. அவர்கள் கடக்கும் ரோட்டின் கணக்கில் அந்த ஊரின் மக்கள் தொகையைக் கூட்டிக்கொண்டே வருகிறது.

நடுவூர்–டவுன் ரோட்டில் கிழக்கூராரும் நடுவூராரும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். 1,500-ஐ இரண்டால் பெருக்கினால் 3,000. கிழக்கூர்–நடுவூர் ரோட்டில் கிழக்கூரார் மூன்று காரியத்துக்கும் போகிறார்கள், 2,700. நடுவூர்–தெற்கூர் ரோட்டில் இரண்டு ஊரார் பள்ளிக்குப் போகிறார்கள், 1,500. தெற்கூர்–டவுன் ரோட்டில் தெற்கூரார் மட்டும் இரண்டு காரியத்துக்குப் போகிறார்கள், 1,000.

ஆக, நடுவூர்–டவுன் ரோட்டுக்கு முதல் இடம். ஓடை ரோட்டுக்கு மூன்றாம் இடம். பணம் இரண்டு ரோடுகளுக்கு மட்டும் இருந்தால் ஓடை ரோடு அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது ஒரு சின்ன மாற்றம். தெற்கூரில் நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. முதலில் அதை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினால், கிழக்கூராரும் நடுவூராரும் அங்கேயும் போகிறார்கள். ஓடை ரோட்டின் கணக்கு 1,500-லிருந்து 3,000 ஆகிவிடுகிறது. கிழக்கூர்–நடுவூர் ரோடு 3,600 ஆகி முதல் இடத்துக்கு வந்துவிடுகிறது. கடைசி இடத்தைத் தவிர வரிசை முழுவதும் மாறிவிட்டது. காரணம், பட்டியலில் சேர்ந்த ஒரே ஒரு பெயர்.

உண்மையான கணக்கில் சந்தை, பள்ளி, ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மதிப்பெண் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான்.

நம் நாட்டில் நடப்பது

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலைப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திலும் செல்லக்கூடிய இணைப்புச் சாலை போடுவது முதல் நோக்கம். அப்போது கேள்வி எளிது: இந்த ஊருக்கு ரோடு உண்டா, இல்லையா?

இணைப்பு வந்த பிறகு கேள்வி மாறியது. ரோடு இருக்கிறது, ஆனால் குறுகல், பள்ளம், பாலம் இல்லை. இவற்றில் எதை மேம்படுத்துவது? 2019-இல் அனுமதிக்கப்பட்ட மூன்றாம் கட்டம் இதற்காகவே வந்தது. நாடு முழுவதும் 1,25,000 கிலோமீட்டர் ரோடுகளை மேம்படுத்துவது இலக்கு. கிராமங்களை விவசாயச் சந்தைகளுடனும், மேல்நிலைப் பள்ளிகளுடனும், ஆஸ்பத்திரிகளுடனும் சேர்க்கும் ரோடுகளுக்கு முதலிடம் என்று வகுத்தார்கள்.

எந்த ரோடு என்று முடிவு செய்வதற்கு, மேலே சொன்ன வழித்தடக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். இதற்காகச் சந்தை, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், வங்கி போன்றவை இருக்கும் இடத்தைக் கைபேசியில் படம் பிடித்து, செயற்கைக்கோள் மூலம் இடம் குறித்து ஏற்றினார்கள். இந்தத் தொகுப்பு 2022-இல் பொதுமக்கள் பார்வைக்கே திறந்துவிடப்பட்டது. 8 லட்சத்துக்கு மேற்பட்ட வசதிகள், 10 லட்சத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள், 25 லட்சம் கிலோமீட்டர் கிராமச் சாலைகள் அதில் உள்ளன. 'ஜியோ சடக்' என்பது அதன் பெயர். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், தங்கள் ஒன்றியத்தின் வரைபடத்தை அதில் பார்க்க முடியும்.

2024 செப்டம்பரில் இந்தத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தது. இன்னும் இணைப்பு இல்லாத 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் ரோடு என்பது இதன் அளவு.

ரோட்டில் வண்டிகளை ஓட்டிப் பார்த்தல்

எந்த ரோடு என்று முடிவான பிறகு, எவ்வளவு அகலம், எந்த இடத்தில் ஒதுங்கும் இடம் என்ற கேள்விகள் வருகின்றன. இதற்கு இன்னொரு வகைக் கணக்கு உண்டு. கம்ப்யூட்டர் திரையில் ஒரு ரோட்டை வரைந்து, அதில் பஸ், லாரி, டிராக்டர், மாட்டு வண்டி, சைக்கிள் எல்லாவற்றையும் ஓடவிட்டு, எங்கே நெரிசல் ஏற்படுகிறது என்று பார்ப்பது இது. மாதிரிப் போக்குவரத்து என்று இதைச் சொல்லலாம்.

மேல்நாடுகளில் உருவான பழைய மாதிரிகள் நம் ரோட்டுக்குச் சரிப்படவில்லை. அங்கே வண்டிகள் கோட்டுக்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். இங்கே கோடும் இல்லை, வரிசையும் இல்லை. டிராக்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிள் புகுந்து போகும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தமிழரசனும் அவருடைய குழுவினரும் இதற்கென்றே ஒரு மாதிரியை உருவாக்கி 2005-இல் வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு வண்டியும் அதன் நீள அகலத்துக்கு ஏற்ற ஒரு கட்டம். ரோடு முழுவதும் ஒரே களம். எந்தக் கட்டத்துக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நகரும்.

ரோட்டில் வண்டிகள் அடைக்கும் இடத்தைக் கணக்கிட, எல்லா வண்டிகளையும் காருக்குச் சமமாக மாற்றுவது இஞ்சினியர்களின் வழக்கம். இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட கிராமப்புறச் சாலை வழிகாட்டியின்படி, ஒரு லாரி அல்லது பஸ் 3 கார்களுக்குச் சமம். டிரெய்லர் கட்டிய டிராக்டர் நாலரைக் கார். சைக்கிள் அரைக் கார். மாட்டு வண்டி 8 கார்! மெதுவாகப் போவதால் பின்னால் வருகிற வண்டிகளை அது நிறுத்தி வைக்கிறது என்பதே காரணம். ஆகவே, மாட்டு வண்டியைக் கணக்கில் விட்டுவிட்டால், அந்த ரோட்டுக்கு அகலம் வேண்டிய அளவு கிடைக்காது.

கிராமச் சாலைகள் பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தடம்தான். எதிரெதிரே கரும்பு லாரியும் பஸ்ஸும் வந்தால் ஒன்று மண் ஓரத்தில் இறங்கத்தான் வேண்டும். மழை நாளில் இறங்கினால் ஏறாது. எந்த இடத்தில் இப்படி எதிர்ப்படுவது அதிகம் என்று மாதிரியில் பார்த்து, அங்கே மட்டும் ஒதுங்கும் இடம் அமைத்தால் ரோடு முழுவதையும் அகலப்படுத்தும் செலவு மிச்சம்.

பாலம் போட்டால் என்ன லாபம் என்பதையும் இப்படியே பார்க்கலாம். முன்சொன்ன உதாரணத்தில் ஓடை ரோடு அடைபட்டால், நடுவூர் டிராக்டர் தெற்கூருக்குப் போக 2 கிலோமீட்டருக்குப் பதில் டவுனைச் சுற்றி 9 கிலோமீட்டர் போக வேண்டும். போக வர 14 கிலோமீட்டர் அதிகம். அறுவடையின்போது ஒரு நாளைக்கு 40 நடை என்றால் 560 கிலோமீட்டர் வீண் ஓட்டம். இந்த டீசலையும் நேரத்தையும் ஆண்டுக் கணக்காகக் கூட்டிப் பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால், பாலம் எத்தனை ஆண்டில் தன் விலையைத் திருப்பித் தரும் என்பது தெரிந்துவிடும்.

அறுவடைக் காலத்தில் எண்ணினார்களா?

எந்த மாதிரியும் கடைசியில் ரோட்டில் நின்று எண்ணிய எண்ணிக்கையில்தான் நிற்கிறது. விவசாயிகள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுவே. சித்திரை வெயிலில், வயலெல்லாம் தரிசாகக் கிடக்கும்போது எண்ணினால், அந்த ரோட்டில் நாலு மோட்டார் சைக்கிளும் ஒரு பஸ்ஸும்தான் போகும். தையில் வந்து எண்ணினால் டிராக்டரும் லாரியும் நெல் அறுக்கும் இயந்திரமும் வரிசை கட்டி நிற்கும்.

இதற்கு விதி இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் 2007-இல் வெளியிட்ட கிராமச் சாலை வடிவமைப்பு நூல், வேலை குறைந்த பருவத்திலும் அறுவடை உச்சத்திலும் என இரண்டு முறை எண்ண வேண்டும் என்கிறது. ஒவ்வொரு முறையும் தொடர்ந்து மூன்று நாள், இரவு பகலாக 24 மணி நேரமும் எண்ண வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து ஆண்டுச் சராசரி போடுகிறார்கள். அறுவடை உச்சத்தில் கூடுதலாக வரும் வண்டிகளை, அறுவடை நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 1.2-ஆல் மறுபடி பெருக்கி, 365-ஆல் வகுத்து, சாதாரண நாளின் எண்ணிக்கையோடு கூட்ட வேண்டும்.

ஒரு ரோட்டில் சாதாரண நாளில் 50 வண்டிகள் போகின்றன. அறுவடை உச்சத்தில் 200 வண்டிகள். அதாவது கூடுதல் 150. அறுவடை 60 நாள். 150-ஐ 60-ஆல் பெருக்கி, 1.2-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்தால் சுமார் 30 வரும். ஆகவே ஆண்டுச் சராசரி 80 வண்டிகள். வேலை குறைந்த பருவத்தில் மட்டும் எண்ணியிருந்தால் 50 என்று எழுதியிருப்பார்கள். 80 வண்டிகளுக்குப் போட வேண்டிய ரோட்டை 50 வண்டிகளுக்குப் போட்டால், ஜல்லியின் கனம் குறையும். முதல் அறுவடையிலேயே சக்கரத் தடம் விழும்.

அறுவடை உச்சத்தில் மட்டும் எண்ணி 200 என்று எழுதினாலும் தவறுதான். தேவைக்கு மேல் கனமாகப் போட்ட ரோட்டின் செலவில் பக்கத்து ஊருக்கு ஒரு மதகு கட்டியிருக்கலாம்.

எண்ணிக்கையைவிடப் பாரம் பெரிது

எண்ணிக்கை ஒரு பாதிதான். மறுபாதி பாரம். ஒரு கார் ஆயிரம் தடவை போனாலும் ரோடு தாங்கும். அதிக பாரம் ஏற்றிய லாரி சில தடவை போனால் போதும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊர் அருகே இதைச் சோதித்தார்கள். வட்டமாகப் பல ரோடுகள் போட்டு, ராணுவ டிரைவர்களைக் கொண்டு வெவ்வேறு பாரமுள்ள லாரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். ரோட்டின் சேதம் பாரத்தோடு சமமாக ஏறுவதில்லை, ஏறக்குறைய நான்காம் அடுக்காக ஏறுகிறது என்பது அந்தச் சோதனையில் தெரிந்தது. அதாவது அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு.

நம் நாட்டில் ஓர் அச்சுக்கு 8.16 டன் என்பது அளவுகோல். அதே அச்சில் 10 டன் ஏற்றினால் சேதம் 2.25 மடங்கு. 12 டன் ஏற்றினால் ஏறக்குறைய 4.7 மடங்கு. ஒரு நடை மிச்சம் என்று கரும்பையும் மணலையும் ஏற்றி அனுப்புவது, பத்தாண்டு இருக்க வேண்டிய ரோட்டை மூன்றாண்டில் தின்றுவிடும். மிச்சம் லாரிக்காரருக்கு, நஷ்டம் ஊருக்கு.

தானியத்தைக் கணக்கிடும் ஒரு மாநிலம்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா கோதுமையும் சோயாவும் அதிகம் விளையும் மாநிலம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம், கிராம ரோடுகளுக்கு எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிட்டு மாநிலச் சட்டசபைக்கு அறிக்கை தருகிறது. அவர்கள் எண்ணுவது மக்களை மட்டுமல்ல, விளைச்சலையும்தான்.

செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு எந்தப் பகுதியில் என்ன பயிர், எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்தத் தானியம் எந்தச் சேமிப்புக் கிடங்குக்குப் போகும், எத்தனை லாரி நடை, எந்த ரோடு வழியாக என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு அந்தப் பாரத்தை ரோட்டின் தாங்கும் சக்தியோடு ஒப்பிட்டு, எந்த ஆண்டில் எந்த ரோடு பழுதாகும் என்று சொல்கிறார்கள். அந்த மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகள் பெருகியபோது, ஒரு கிணறு தோண்ட 2,000-க்கும் மேற்பட்ட லாரி நடைகள் தேவைப்பட்டன. கிராம ரோடுகள் நொறுங்கின. தானியத்துக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதற்கு இந்தக் கணக்கு உதவியது.

நம் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் நிலத்தின் அளவில் ஒப்பே இல்லை. அங்கே ஒரு பண்ணை என்பது இங்கே ஒரு கிராமம். ஆனால் ஒரு பாடம் பொதுவானது. ரோட்டைத் தேய்ப்பது மனிதர்களின் தலை எண்ணிக்கை அல்ல, மூட்டைகளின் எடை. 500 பேர் உள்ள சின்ன ஊரிலிருந்து, 2,000 பேர் உள்ள ஊரைவிட அதிகக் கரும்பும் வாழையும் வெளியே போகக்கூடும். தலைகளை மட்டும் எண்ணினால் அந்தச் சின்ன ஊர் பின்னுக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை

வரைபடத்தில் குறுகிய வழியாக இருப்பது ஊரார் போகும் வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மழைக்காலத்தில் ஓடை பெருகுவது, ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் காத்திருப்பது, மின்கம்பி தாழ்வாக இருப்பதால் வைக்கோல் வண்டி போக முடியாதது, இவற்றையெல்லாம் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

பருவத்துக்கு மட்டும் திறக்கும் கொள்முதல் நிலையம், காலையில் மட்டும் இயங்கும் பால் சொசைட்டி, வாரம் ஒரு நாள் கூடும் மாட்டுச் சந்தை போன்றவை கணக்கெடுக்க வந்த நாளில் பூட்டிக் கிடந்தால் பட்டியலில் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. மக்கள் தொகையும் அப்படித்தான். நான்காம் கட்டத்துக்கும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே அடிப்படை. அதற்குப் பின் உண்டான குடியிருப்புகள் எண்ணிக்கையில் சிறுத்தே தெரியும்.

கம்ப்யூட்டர் முடிவு சொல்வதில்லை, வரிசை சொல்கிறது. அந்த வரிசையைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் மனிதர்கள்தான். ஆகவே பேச வேண்டிய இடத்தில் பேசுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் வெறும் கோரிக்கையாகப் பேசுவதைவிடக் கணக்கோடு பேசினால் காது கொடுப்பார்கள்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஊரில் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். வேலை குறைந்த பருவத்தில் மூன்று நாள், அறுவடையில் மூன்று நாள், ரோட்டோரம் உட்கார்ந்து எண்ண வேண்டும். பஸ், லாரி, டிராக்டர், மாட்டு வண்டி, மோட்டார் சைக்கிள், சைக்கிள் எனத் தனித்தனிக் கட்டம் போட்டு, வண்டி போகப் போகக் கோடு கிழித்தால் போதும். டிராக்டரும் லாரியும் பாரத்தோடு போகிறதா, காலியாகவா என்பதையும் குறிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே முறை வைத்துச் செய்துவிடக்கூடிய வேலை இது. இரவுக்கு மட்டும் பெரியவர்கள் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஊரிலிருந்து வெளியே போகும் விளைபொருளைப் பட்டியல் போட வேண்டும். எத்தனை ஏக்கர் நெல், கரும்பு, வாழை, காய்கறி. எந்த மாதத்தில் எத்தனை லோடு. எந்தச் சந்தைக்கு, எந்த ஆலைக்கு என்று எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். உரமும் விதையும் உள்ளே வருவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், கொள்முதல் நிலையம், பால் சொசைட்டி, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் வரைபடத்தில் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் ஊராட்சி மூலமாக ஒன்றிய இஞ்சினியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

நான்காவதாக, கிராம சபையில் தீர்மானமாகப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நோட்டுப் புத்தகக் கணக்கைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பினால் அது வெறும் மனு அல்ல, சாட்சியம்.

ஐந்தாவதாக, பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு முடிவானதும், மதிப்பீடு தயாரிக்கும் முன் அதிகாரிகள் ஊராரோடு அந்த ரோடு நெடுக நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த நாளில் வேலை இருக்கிறது என்று வயலுக்குப் போய்விடக் கூடாது. மழைநீர் எங்கே தேங்கும், வாய்க்கால் எங்கே குறுக்கிடுகிறது, எந்த இடத்தில் டிராக்டர் வயலுக்குள் இறங்க வேண்டும் என்பதை நடக்கும்போது காட்டினால்தான் மதகும் சரிவும் மதிப்பீட்டில் ஏறும். ரோடு போட்ட பிறகு கேட்டால் பணம் இருக்காது.

ஆறாவதாக, இந்தத் திட்ட ரோடுகளை ஐந்தாண்டுக்குப் பராமரிப்பது காண்டிராக்டரின் பொறுப்பு. ரோட்டோரப் பலகையில் விவரம் எழுதியிருக்கும். பள்ளம் விழுந்தால் ஊராட்சியில் சொல்வதோடு, 2015-இல் வந்த 'மேரி சடக்' என்ற கைபேசிச் செயலியில் படம் எடுத்து அனுப்பிப் புகார் செய்யலாம்.

கடைசியாக, பாரம். நல்ல ரோடு வந்த பிறகு அதைக் காப்பது ஊரின் கையில் இருக்கிறது. டிரெய்லருக்கு மேல் தடுப்பு வைத்துக் கட்டி அளவுக்கு மீறி ஏற்றுவதையும், சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரத்தோடு டிராக்டரைத் தார் ரோட்டில் ஓட்டுவதையும் ஊர்க்கட்டுப்பாடாகவே நிறுத்த வேண்டும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. ரோடு விஷயத்தில் அது தலைகீழ். இங்கே கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்த ஊருக்குத்தான் ஏதாவது மிஞ்சும். அடுத்த அறுவடையின்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் மூன்று நாள் உட்காருவது பெரிய செலவல்ல.